தொட்டித் தாமரை: காய் ஏன் சூம்பிப் போகிறது?

வைகைக்கரை, ஜூன் 12, 2023

இரண்டரை அடி அகலத் தொட்டி, ரோஸ் தாமரை. பூ நல்லா வருது. இதழ் கொட்டினதும் நடுவுல இருக்கிற பொகுட்டு கொஞ்ச நாள் பச்சையா நிக்குது, அப்புறம் மஞ்சளாகி சூம்பிடுது. தப்பிப் பெருசானதை வெட்டி வெயில்ல வச்சா பிழிஞ்ச துணியாட்டம் சுருங்கிடுது. பூச்சாடியில வைக்கிறாங்களே, அகலமா, குழி குழியா, பழுப்பு நிறத்துல, அந்த மாதிரிக் காய் வேணும். கடையில விக்கிறது வேற ரகமா?

பொய்கை, ஜூன் 12, 2023

வேறு செடி இல்லை, அதே தாமரைதான். உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். சின்னதிலேயே மஞ்சளாகிச் சூம்பினால் மகரந்தம் சேரவில்லை, விதை கட்டவில்லை. பெரிதான பிறகு சுருங்கினால் பச்சையாக வெட்டிவிட்டீர்கள். முதலாவதற்கு உரம் போட்டுப் பயனில்லை. இரண்டாவதற்கு எந்த மருந்தும் தேவையில்லை, பொறுத்தால் போதும்.

எத்தனை அடுக்கு இதழ்? ஒரே நேரத்தில் எத்தனை பூ திறந்திருக்கும்?

வைகைக்கரை, ஜூன் 12, 2023

இதழ் இருபது இருக்கும். ஒரு பூ கொட்டின பிறகுதான் அடுத்தது. ரெண்டு சேர்ந்து பூத்து நான் பார்த்ததில்ல.

பொய்கை, ஜூன் 13, 2023

காரணம் அதுதான். தாமரைப் பூவில் சூல்முடி முதலில் முதிரும், மகரந்தம் பிறகுதான் வெடிக்கும்.

முதல் நாள்: விடியலில் பூ பாதிதான் திறக்கும், கிண்ணம்போல. பொகுட்டின் மேலே தெரியும் புள்ளிகள் மஞ்சளாக, ஈரமாக மினுங்கும். அவைதான் சூல்முடிகள், அப்போதுதான் மகரந்தத்தை ஏற்கும். சுற்றியுள்ள மகரந்தத் தாள்கள் பொகுட்டோடு ஒட்டி மூடியே இருக்கும். வெயில் ஏறும்போது பூ மூடிக்கொள்ளும்.

இரண்டாம் நாள்: நன்றாக விரியும். தாள்கள் வெடித்து மாவு கொட்டும். இதற்குள் புள்ளிகளின் ஈரம் காய்ந்து நிறம் மங்கியிருக்கும்.

மூன்றாம் நாள் வெளுத்து அகல விரியும். நான்காம் நாள் இதழ் உதிரும்.

ஆக, ஒரு பூ தன் மகரந்தத்தைத் தானே வாங்கிக்கொள்வது கடினம். குளத்தில் நூறு பூ நிற்கிறது, தேனீ இரண்டாம் நாள் பூவில் புரண்டுவிட்டு முதல் நாள் பூவுக்குப் போகிறது, காய் நிறைகிறது. உங்கள் தொட்டியில் அந்தத் துணைப் பூ இல்லை.

கையால் சேர்க்கலாம். இரண்டாம் நாள் பூவிலிருந்து காலை 6 முதல் 8 மணிக்குள் தாள்களை ஒரு காகிதத்தில் தட்டி எடுங்கள். உலர்ந்த மெல்லிய தூரிகையால், முதல் நாள் பூவின் ஒவ்வொரு புள்ளியிலும் தொடுங்கள். அன்று முதல் நாள் பூ இல்லையென்றால் தாள்களைக் காகிதத்தில் மடித்து, சின்ன டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் பயன்படுத்தலாம். அதற்கு மேல் நம்ப வேண்டாம். டப்பாவுக்குள் ஈரம் இருந்தால் மகரந்தம் கட்டிக்கொண்டு வீணாகும். அக்கம்பக்கத்தில் தாமரை வளர்ப்பவர் இருந்தால் மகரந்தம் மாற்றிக்கொள்வது எல்லாவற்றையும்விட நல்லது.

மாடித்தோழி, ஜூன் 13, 2023

ரகத்தையும் சொல்லணும். ஆயிர இதழ் தாமரை, சகஸ்ரதளம்னு விக்கிறதுல காயே வராது. பொகுட்டு இருக்க வேண்டிய இடமும் இதழா மாறியிருக்கும். நர்சரியில "பெரிய பூ, பெரிய காய்"னு சொல்லி அதைத்தான் தலையில கட்டுவாங்க. அடுக்கு ரகத்துல சிலதுக்குப் பொகுட்டு இருக்கும், ஆனா சூல்முடியெல்லாம் பச்சை இதழ் மாதிரி நீண்டுடும், விதை கட்டாது. காய்க்காக வளர்க்கிறவங்க ஒத்தை இதழ் ரகம் வாங்குங்க, அதாவது 15லேருந்து 25 இதழ். நம்ம ஊர்க் குளத்து ரோஸ் தாமரை, வெள்ளைத் தாமரை ரெண்டுமே அருமை.

கிண்ணத் தாமரைன்னு குட்டி ரகம் வருது. அதுல காய் வந்தாலும் எலுமிச்சம்பழ அளவுதான். சின்னச் சாடிக்கு அழகு, பெரிய அலங்காரத்துக்குப் பத்தாது.

கீரைக்கட்டு, ஜூன் 15, 2023

அல்லிக் காயையும் இப்படிக் காயவைக்கலாமா? எங்க வீட்டுல அல்லிதான் இருக்கு.

பொய்கை, ஜூன் 15, 2023

முடியாது. அல்லி பூத்து முடிந்ததும் காம்பு சுருண்டு காயைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொள்ளும். காய் நீருக்கடியில் முற்றி அழுகி வெடித்து விதையை விடும். தாமரைதான் காயைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்து முற்றவைக்கிறது. வாங்கும்போது இலையைப் பாருங்கள்: அல்லி இலையில் காம்பு வரை ஒரு வெட்டு இருக்கும், தாமரை இலை முழு வட்டம், காம்பு நடுவில் சேரும்.

பொய்கை, ஜூன் 18, 2023

எப்போது வெட்டுவது என்பதை விரிவாக எழுதுகிறேன், கேள்வியே அதுதான்.

இதழ் கொட்டியதிலிருந்து காய் முற்ற 30 முதல் 40 நாள் ஆகும். நாளை மட்டும் எண்ணி வெட்ட வேண்டாம், காயைப் பாருங்கள்.

மகரந்தம் சேர்ந்து ஒரு வாரத்தில் மஞ்சள் பொகுட்டு பச்சையாகி அகலத் தொடங்கும். மூன்றாவது வாரத்தில் விதைகள் பச்சையாக, குண்டாக, குழியை அடைத்துக்கொண்டு நிற்கும். பெரும்பாலோர் இந்த அழகைப் பார்த்து வெட்டிவிடுகிறார்கள். அப்போது பொகுட்டின் உள்ளே பஞ்சுபோன்ற சதை முழுக்க ஈரம். காயும்போது ஈரம் போய்ச் சதை இடிந்து, விளிம்பு உள்ளே மடங்கும். உங்களுக்கு நடந்தது இதுதான்.

சரியான பருவத்துக்கு அடையாளங்கள்: விளிம்பில் பழுப்பு ஏறும். ஒவ்வொரு விதையையும் சுற்றி ஒரு மெல்லிய இடைவெளி தெரியும், விரலால் தொட்டால் விதை ஆடும். விதை பச்சை போய்க் கருநீலமும் பழுப்பும் கலந்து கறுக்கும். நிமிர்ந்திருந்த காய் மெல்லப் பக்கவாட்டில் சாயும். காய்க்குக் கீழே காம்பு நிறம் மாறத் தொடங்கும். இந்தக் கட்டத்தில் வெட்டுங்கள்.

இதையும் தாண்டவிட்டால் காய் தலைகீழாகக் கவிழ்ந்து விதைகளைத் தண்ணீரில் கொட்டும். மேலே ஒரு மழை பெய்தால் கரும்புள்ளி விழும், அது பிறகு போகாது.

வெட்டும்போது நீர்மட்டத்துக்கு மேலே ஒரு சாண் காம்பை விட்டு வெட்டுங்கள். தாமரைக் காம்புக்குள் நீளக் குழாய்கள் உண்டு, சேற்றுக்குள் இருக்கும் கிழங்குக்குக் காற்று அவற்றின் வழியேதான் போகிறது. நீருக்குள் வெட்டினால் குழாயில் தண்ணீர் இறங்கி அந்தக் கணு அழுகும். பழுத்த இலையைக் கழிக்கும்போதும் இதே விதிதான்.

மாடித்தோழி, ஜூன் 18, 2023

காயவைக்கிற முறை: நிழல், காத்தோட்டம், ரெண்டுலேருந்து மூணு வாரம். வெயில் வேண்டாம், ஒரு பக்கம் வெளுத்து இன்னொரு பக்கம் கறுப்பா நிக்கும். விளிம்புல வெடிப்பும் வரும். காம்போட தலைகீழாக் கட்டித் தொங்கவிட்டா காம்பு நேரா இருக்கும், ஆனா விதை கொட்டும். கீழே ஒரு தட்டு வைங்க. விதை உள்ளேயே இருக்கணும்னா கம்பிவலை மேல காயை நிமிர்த்தி வச்சுக் காயவிட்டு, அப்புறம் ஒவ்வொரு குழியிலயும் ஒரு சொட்டு ஃபெவிகால் விட்டு விதையை உக்காரவைங்க. விதையோட இருக்கிற காய்தான் கண்ணுக்கு நிறைவா இருக்கு.

தாமரைக் காம்பு காய்ஞ்சா உள்ளே வெறும் கூடு, ரெண்டு மாசத்துல ஒடிஞ்சிடும். அதனால காய்க்குக் கீழே இரண்டு அங்குலம் மட்டும் விட்டுட்டு மத்ததை வெட்டிடுங்க. அதுக்குள்ள ஒரு மூங்கில் குச்சியைப் பசை தடவிச் செருகுங்க. ஈர்க்குச்சி தாங்காது, காய் தலையாட்டும்.

பொய்கை, ஜூன் 19, 2023

இதோடு ஒன்று சேர்க்க வேண்டும்: பூச்சி. காய்ந்த பொகுட்டின் சதைக்குள் புழு இருக்கலாம், வெளியே தெரியாது. சில மாதம் கழித்துச் சாடியின் அடியில் மாவு கொட்டும். முழுதாகக் காய்ந்த பிறகு பிளாஸ்டிக் பையில் காற்றுப் போகாமல் கட்டி, ஃபிரீசரில் மூன்று நாள் வையுங்கள். வெளியே எடுத்து, பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விட்டு, மறுபடி மூன்று நாள். காயாத காயை ஃபிரீசரில் வைத்தால் உள்ளிருக்கும் ஈரம் உறைந்து சதை குழைந்துவிடும். காய்தல் முதலில், குளிர் பிறகு.

பளபளப்பு வேண்டாமென்றால் எதுவும் பூச வேண்டாம், இயற்கையான பழுப்பே போதும் என்பது என் கருத்து. தூசி படியாமல் இருக்க மட்டும் மேட் லாக்கர் ஸ்ப்ரே, ஓர் அடி தூரத்திலிருந்து மெல்லியதாக இரண்டு பூச்சு. சாதாரண வார்னிஷ் நாளாக நாளாக மஞ்சள் ஏறும்.

வன்னிக்குளம், ஜூன் 24, 2023

எங்கட பக்கம் குளத்துத் தாமரையில காய் தானாவே நிறையும், அலங்காரத்துக்கு ஆரும் எடுக்கிறதில்ல. பிள்ளையள் பச்சைக் காயைப் பிச்சு விதையைத் தின்னுறதுதான். பச்சை விதை வேணுமெண்டால் மூண்டாவது கிழமை எடுக்க வேணும், தோலை நகத்தால உரிக்கலாம், உள்ள வெள்ளைப் பருப்பு பால் மாதிரி இனிக்கும். விதையைப் பிளந்தா நடுவில பச்சையா ஒரு குருத்து இருக்கும், அதை எடுத்துப் போடுங்கோ, கசக்கும். கிழங்கை வட்டமா வெட்டித் தேங்காய்ப்பாலில கறி வைக்கலாம்.

கீரைக்கட்டு, ஜூன் 25, 2023

அப்ப கடையில தாமரை விதைன்னு பொரி மாதிரி விக்கிறாங்களே, மக்கானா, அதுவும் இதுதானா? தொட்டிக் காயில வர்ற விதையை வறுத்தா அப்படிப் பொரியுமா?

பொய்கை, ஜூன் 25, 2023

பொரியாது. மக்கானா தாமரை விதை இல்லை. அது யூரியேல் ஃபெராக்ஸ் என்ற முள் நிறைந்த வேறொரு நீர்ச்செடி, அல்லிக் குடும்பம். இலை, காம்பு, காய் எல்லாம் முள். பீகாரில் மிதிலைப் பகுதியில்தான் அதிகம் பயிராகிறது. மிதிலா மக்கானாவுக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்த விதையைச் சூடான சட்டியில் வறுத்து, சூட்டோடு மரச்சுத்தியால் அடித்தால் ஓடு உடைந்து மாவு பொரிந்து வெளியே வரும்.

தாமரை விதை இரண்டு பருப்பாகப் பிளவது, கொண்டைக்கடலைபோல வேகவைத்துச் சாப்பிடுவது. நாட்டு மருந்துக் கடையில் தாமரை மணி என்று கறுப்பாக, உருண்டையாக விற்பதுதான் நிஜத் தாமரை விதை.

மாடித்தோழி, ஜூன் 25, 2023

அந்தக் கடை மணியே முளைக்கும், துளை போடாததாப் பார்த்து வாங்குங்க. தண்ணியில போட்டு மிதக்கிறதைக் கழிச்சிடுங்க.

வைகைக்கரை, ஜூன் 26, 2023

நான் ஒரு கைப்பிடி ஊறப்போட்டு மாசக் கணக்காச்சு, கல்லு மாதிரி கிடக்கு.

பொய்கை, ஜூன் 26, 2023

ஓட்டைத் தேய்க்காமல் ஊறவைத்தால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். அந்த ஓடு நீரையும் காற்றையும் உள்ளே விடாது. சீனாவின் லியாவ்நிங் பகுதியில் பழைய ஏரிப்படுகையிலிருந்து எடுத்த சுமார் 1,300 ஆண்டு பழைய விதை ஆய்வகத்தில் முளைத்திருக்கிறது. ஜப்பானில் 1951இல் சிபா அருகே தோண்டி எடுத்த மிகப் பழைய விதையைத் தாவரவியலாளர் ஓகா இச்சிரோ முளைக்கவைத்தார், 1952இல் அது பூத்தது. ஓகா தாமரை என்ற பெயரில் அதன் வழிச் செடிகள் இன்றும் வளர்கின்றன.

செய்முறை: விதையின் ஒரு முனையில் சின்ன முள்போல ஒரு கூர் இருக்கும், மறுமுனையில் சிறு குழிவு. குழிவான முனையை மட்டும் 80 ஆம் நம்பர் உப்புத்தாளில் தேயுங்கள். கறுப்பு போய்ப் பழுப்பு வரும், பழுப்பு போய் வெண்மஞ்சள் ஒரு புள்ளி தெரியும். அங்கே நிறுத்துங்கள். வெண்பருப்பைத் தேய்த்துவிட்டால் தண்ணீரில் அழுகும். கண்ணாடி டம்ளரில் வெதுவெதுப்பான நீர், தினமும் மாற்ற வேண்டும். ஒரே நாளில் விதை இருமடங்கு ஊதும், ஊதாததை மறுபடி கொஞ்சம் தேயுங்கள். ஒரு வாரத்துக்குள் பச்சைக் குருத்து வரும். நீர் கலங்கி நாற்றமடித்தால் அந்த விதை செத்தது, எடுத்துவிடுங்கள். மூன்று இலையும் வெள்ளை வேரும் கண்ட பிறகு களிமண்ணில் நடலாம்.

விதைச் செடி தாயைப்போலவே பூக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், நிறமும் இதழும் மாறலாம். பூக்க அடுத்த வருடம் வரைகூட ஆகலாம். சீக்கிரம் காய் வேண்டுமென்றால் கிழங்கு வாங்கி நடுவதே வழி.

வைகைக்கரை, ஆகஸ்ட் 6, 2023

தூரிகையால தொட்டது வேலை செஞ்சது, காய் நின்னுடுச்சு. ஆனா ஒரு பக்கம்தான் விதை, இன்னொரு பக்கம் குழியெல்லாம் குட்டி குட்டியா, காயே கோணலா இருக்கு.

பொய்கை, ஆகஸ்ட் 6, 2023

எந்தப் புள்ளியில் மகரந்தம் படவில்லையோ அந்தக் குழி விரியாது, காய் கோணும். பாதி திறந்த பூவில் நம் கைப்பக்கம் மட்டும் எட்டும், அதனால் இப்படி ஆகிறது. இதழ் இரண்டை மெல்ல விலக்கிப் பிடித்து, வெளிவட்டத்தில் தொடங்கி உள்ளே வாருங்கள். புள்ளிகள் பொதுவாகப் பதினைந்திலிருந்து முப்பது வரை இருக்கும். மகரந்தம் மிச்சமிருந்தால் மறுபடி ஒரு சுற்று.

கோணல் காயை எறிய வேண்டாம். மூன்று காய் சேர்த்து வைக்கும் சாடியில் ஒன்று கோணலாக இருந்தால்தான் இயல்பாக இருக்கிறது.

மாடித்தோழி, ஆகஸ்ட் 7, 2023

உரம் பத்தி யாரும் எழுதல. நட்டதும் போடாதீங்க, நிமிர்ந்த இலை அஞ்சு வரட்டும். இரண்டரை அடித் தொட்டிக்கு டி.ஏ.பி. 10 கிராம், செய்தித்தாள்ல ரெண்டு பொட்டலமா மடிச்சு, ஓரமா நாலு விரக்கடை ஆழத்துல அழுத்துங்க. 25 நாளுக்கு ஒருதடவை. தண்ணியில கரைச்சு ஊத்தினா பாசிதான் கொழுக்கும். இலை ஓரம் கருகினா உரம் அதிகம், பாதித் தண்ணியை மாத்துங்க. போர் தண்ணி உப்பா இருந்தாலும் இதே மாதிரி கருகும், முதல்ல தண்ணியை நாக்குல வச்சுப் பாருங்க.

அசுவினி பூக்காம்புல அப்பிக்கும். வேப்பெண்ணெயை இலை முழுக்க அடிக்காதீங்க.

பொய்கை, ஆகஸ்ட் 7, 2023

அதற்குக் காரணம், தாமரை இலையின் மூச்சுத் துளைகள் மேல்பக்கத்தில் இருக்கின்றன. எண்ணெய் படிந்தால் அவை அடைபடும், தண்ணீர் உருளாமல் ஒட்டும், வெயிலில் இலை கருகும். குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே அசுவினி விழுந்துவிடும், தொட்டியில் கப்பி மீன் இருந்தால் அதைத் தின்றும் விடும். நாலைந்து கப்பி போதும், கொசுவுக்கும் அதுவே மருந்து. கெண்டை வகை மீன் வேண்டாம், சேற்றைக் கிளறிக் குருத்தை முறிக்கும்.

கீரைக்கட்டு, ஆகஸ்ட் 9, 2023

பூ சூடா இருக்கும்னு படிச்சேன், உண்மையா?

பொய்கை, ஆகஸ்ட் 9, 2023

உண்மை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு தாவரவியல் பூங்காவில் சீமோர், ஷுல்ட்சே-மோட்டல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அளந்து 1996இல் வெளியிட்டார்கள். வெளியே 10 டிகிரி வரை குளிர்ந்தபோதும் பூ தன் உள்ளே 30 முதல் 36 டிகிரியைக் காத்தது. வெப்பத்தில் ஏறக்குறையப் பாதி பொகுட்டிலிருந்து வருகிறது. கதகதப்புக்கு வரும் வண்டுகள் மகரந்தத்தைச் சுமக்கும் என்பது அவர்கள் தந்த விளக்கம். நம் ஊர் மொட்டைமாடியில் சித்திரை வெயிலில் விரலால் தொட்டு இந்த வித்தியாசத்தை உணர முடியாது, மார்கழி விடியலில் பூத்தால் பார்க்கலாம்.

மாடித்தோழி, அக்டோபர் 29, 2023

நான் மேலே ரெண்டு மூணு வாரம்னு எழுதினது கோடைக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில அது பத்தாது, காய்க்குள்ள பூஞ்சை பிடிக்கும். மழைக்கு முன்னாடி முக்கால் பங்கு முத்தினதை வெட்டிடறது பரவாயில்ல, கொஞ்சம் சுருங்கினாலும் கறுக்காது. ஃபேன் காத்துல ரெண்டு நாள், அப்புறம் மூடின டப்பாவுல சிலிக்கா ஜெல்லோட. காய் லேசா இருக்கணும், தட்டினா ஓடு மாதிரி சத்தம் வரணும். சத்தம் மந்தமா இருந்தா இன்னும் ஈரம்.

பொய்கை, ஜனவரி 21, 2024

தை, மாசிதான் தொட்டி மாற்றும் காலம். ஒரு வருடத்தில் கிழங்கு வட்டமாகச் சுற்றித் தொட்டியை நிறைத்திருக்கும். மாற்றாமல் விட்டால் அடுத்த கோடையில் இலை மட்டும் வரும், பூ குறையும், காய் சிறுக்கும்.

தொட்டி வட்டமாக, அடியில் துளை இல்லாமல். மூலையுள்ள தொட்டியில் ஓடும் குருத்து மூலையில் முட்டி ஒடியும். புதுச் சிமெண்ட் தொட்டி என்றால் தண்ணீர் நிரப்பி நிரப்பிக் கொட்டி மூன்று வாரம் சுண்ணாம்பு போகவிடுங்கள். அடியில் இரண்டு விரக்கடை மக்கிய மாட்டுச் சாணம், மேலே ஒரு சாண் வயல் களிமண் அல்லது குளத்து வண்டல். பச்சைச் சாணம் சேற்றுக்குள் நொதித்துக் கிழங்கை வேகவைத்துவிடும். தேங்காய் நார்த்தூள் மிதக்கும், வேண்டாம். இரண்டு மூன்று கணு உள்ள கிழங்கை ஓரத்தில், நுனி தொட்டியின் நடுவைப் பார்க்க, சாய்த்துப் புதைத்து வால்பக்கம் சற்று மேலே இருக்கும்படி விடுங்கள். நுனிக்குருத்து ஒடிந்தால் அந்தக் கணு போயிற்று. தண்ணீர் முதலில் மூன்று விரக்கடை, இலை நிமிர நிமிர ஒரு சாண் வரை. வெயில் ஆறு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது.

எடையையும் கணக்கிடுங்கள். இரண்டடி அகலத் தொட்டியில் 20 செ.மீ. சேறும் 15 செ.மீ. நீரும் சேர்ந்தால் 140 கிலோவுக்கு மேல். மாடியில் வைத்தால் தளத்தின் நடுவில் வேண்டாம், சுவரோ உத்தரமோ ஓடும் இடத்தின் மேல் வையுங்கள்.

வைகைக்கரை, ஜனவரி 23, 2024

பெரிய தொட்டியா ரெண்டு வச்சிருக்கேன், பூ ரெண்டுலயும் சேர்ந்து வரும்ல? ஒண்ணுல ரோஸ், ஒண்ணுல வெள்ளை. அப்புறம், காய்ஞ்ச காய்ல கொட்டின விதையை அம்மா மாலையாக் கோக்கணும்ங்கிறாங்க. ஊசி இறங்கல.

பொய்கை, ஜனவரி 23, 2024

இரண்டு தொட்டி சரியான முடிவு. இரண்டையும் ஒரே நாளில் நட்டு, ஒரே அளவு உரம் கொடுங்கள், மொட்டுகள் ஏறக்குறையச் சேர்ந்து வரும். அந்த விதைகளை முளைக்கவைத்தால் கலப்பு நிறமும் கிடைக்கலாம், தனித் தொட்டியில் வையுங்கள்.

மாலைக்கு: முழுதாகக் கறுத்த விதைக்கு ஊசி இறங்காது, துளைப்பான் வேண்டும். சாமணத்தில் மரத்துண்டு இரண்டின் நடுவே விதையை இறுக்கி, குழிவான முனையில் ஆணியால் ஒரு புள்ளி குத்துங்கள், இல்லாவிட்டால் நுனி வழுக்கும். 1.5 மி.மீ. நுனியால் மெதுவான வேகத்தில் பாதி வரை துளைத்து, திருப்பி மறுமுனையிலிருந்து மீதி. ஒரே பக்கமாகத் துளைத்தால் வெளிவரும் இடத்தில் ஓடு சில்லாகப் பெயரும். துளைத்த பிறகு உள்ளே காற்றும் ஈரமும் போகும், பருப்பைப் பூச்சி தேடி வரும். அதனால் கோப்பதற்கு முன் இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, காய்க்குச் சொன்ன அதே ஃபிரீசர் முறை. 108 வேண்டுமென்றால் 120 எடுத்துவையுங்கள், சில உடையும்.

மாடித்தோழி, ஜனவரி 24, 2024

பருத்தி நூல் சீக்கிரம் அறுந்துடும், விதைத் துளையோட விளிம்பு கூர்மையா இருக்கும். நைலான் நூல் போடுங்க, அஞ்சாறு மணிக்கு ஒரு முடிச்சு.